பொதுக்கட்டமைப்பு வழக்கு: பெட்டியில் இருந்த பணமும் கைக்கு எட்டாத நிவாரணமும்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்கமாட்டான் என்பது எம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. உலக நாடுகள் வாக்களித்த உதவிப் பணம், அது யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அவர்களைச் சென்றடையாமல் இடைவழியில் தரித்து நின்ற கதைகள் பலவற்றுக்கு இப்பழமொழியே தலைப்பாக அமையத்தக்கது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று ஏழைகள் தம்மைத் தேற்றிக்கொள்வதுண்டு. ஆனால் சட்டி நிறைய இருந்தும் அகப்பை யாருடையது என்ற வழக்கிலேயே சோறு ஆறிப்போன வரலாறு எமக்கு உண்டு. அதுவே 2005 ஆம் ஆண்டில் கொழும்பு உயர் நீதிமன்றத்தின் முன் வந்த பொதுக்கட்டமைப்பு வழக்கு.

இருபது ஆண்டுகள் கடந்த பின்னர் இவ்வழக்கை மீண்டும் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், அந்நாட்டுக் காங்கிரஸ் ஒப்புதல் அளித்த வெளிநாட்டு உதவி நிதியை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. அது சட்டப்படி சரியா என்ற கேள்வி நீதிமன்றப் படிகளில் மேலும் கீழுமாக ஏறியிறங்கிற்று. அச்செய்திகளைப் படித்த எம்மவர் பலருக்கு, இதை முன்னரும் எங்கோ கண்டோமே என்ற எண்ணம் எழுந்திருக்கும். எங்கே கண்டோம், எப்படிக் கண்டோம் என்பதை ஒழுங்குபடுத்திச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நத்தார் இரவில் வந்த செய்தி

விட்பி நகரின் தென்புறத்தில் ஒன்ராறியோ ஏரிக்கரையில் நிற்பவருக்கு அந்நீர்ப்பரப்பு கடல் போலவே தோன்றும். மறுகரை தெரியாது, ஆயினும் உப்புக்காற்று இல்லை. வடமராட்சியிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கடலோடு பிறந்து வளர்ந்த பலர் இன்று இவ்வேரியின் கரையோர நகரங்களான பிக்கரிங், ஏஜாக்ஸ், விட்பி ஆகியவற்றில் குடியமர்ந்துள்ளனர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலை ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கியபோது, இங்கே 25 ஆம் நாள் நத்தார் இரவு. விருந்துக்குக் கூடியிருந்த வீடுகளில் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின. பின்னர் ஊர்த் தொடர்புகள் அறுந்தன. விடியும்வரை தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த குடும்பங்கள் எத்தனையோ.

இலங்கையில் மட்டும் ஏறக்குறைய 35 ஆயிரம் உயிர்கள் பலியாயின. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அம்பாறை மாவட்டமே உயிரிழப்பில் முதலிடத்தில் நின்றது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே அலையில் அள்ளுண்டனர். முல்லைத்தீவுப் பட்டினம் தரைமட்டமாயிற்று. தெற்கே காலியிலும் அம்பாந்தோட்டையிலும் சிங்கள மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அலை இனம் பார்க்கவில்லை.

கனடா இதற்கு முகங்கொடுத்த விதம் நன்றியோடு நினைக்கத்தக்கது. பொதுமக்கள் அளித்த நன்கொடைகள் 20 கோடி டொலரைத் தாண்டின. அந்நன்கொடைகளுக்கு ஈடாகத் தானும் அளிப்பதாக அரசாங்கம் அறிவித்தது. 2005 ஜனவரியில் பிரதமர் போல் மார்ட்டினின் அரசு ஐந்தாண்டுகளுக்கு 42 கோடியே 50 இலட்சம் டொலரை ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட நாடுகளுக்கென ஒதுக்கிற்று. கனேடியப் படையின் அனர்த்த உதவிப் பிரிவு அம்பாறைக்குச் சென்று குடிநீரும் மருத்துவமும் வழங்கிற்று. ஆகவே கேள்வி பணம் கிடைக்குமா என்பதன்று. கிடைத்த பணம் எந்த வழியாகச் செல்லும் என்பதே கேள்வி.

டோக்கியோவில் தொடங்கிய சிக்கல்

இக்கேள்வி கடற்கோளோடு பிறந்ததன்று. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் நடந்த பேச்சுவார்த்தைகளில், வடகிழக்கின் உடனடி மனிதாபிமான, புனர்வாழ்வுத் தேவைகளைக் கவனிக்க அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கூட்டாக ஓர் உபகுழுவை அமைத்தன. வடகிழக்குப் புனரமைப்பு நிதியம் ஒன்றை நிறுவி அதன் காப்பாளராக உலக வங்கியை நியமிப்பதென்றும் உடன்பாடு காணப்பட்டது. ஆனால் 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகினர். அதே ஆண்டு ஜூன் மாதம் டோக்கியோவில் கூடிய உதவி வழங்கும் நாடுகளின் மாநாட்டுக்கும் அவர்கள் செல்லவில்லை. அம்மாநாட்டில் 450 கோடி அமெரிக்க டொலர் வாக்களிக்கப்பட்டது. அதன் பெரும் பகுதியைச் சமாதான முயற்சியின் முன்னேற்றத்தோடு பிணைத்து வைத்தனர். முன்னேற்றம் வரவில்லை. வடகிழக்கு நிதியம் கடதாசியில் பிறந்து கடதாசியிலேயே மடிந்தது.

இப்பின்னணியிலேயே ஆழிப்பேரலை வந்தது. கரையோரத்தின் ஒரு பகுதி அரசாங்கத்தின் கட்டுப்பாட்டிலும் மறுபகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. உலக வங்கியோ வெளிநாட்டு அரசுகளோ புலிகளிடம் நேரே பணம் கொடுக்க முடியாது. அரசாங்கம் தானே சென்று அப்பகுதியில் பணி செய்யவும் முடியாது. இரு தரப்பும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தாலன்றி நிதி நகராது என்ற நிலை ஏற்பட்டது.

உடன்படிக்கையில் என்ன இருந்தது

நோர்வேயின் அனுசரணையோடு மாதக்கணக்கில் நடந்த பேச்சின் விளைவே, சுனாமிக்குப் பின்னரான செயற்பாட்டு முகாமைத்துவக் கட்டமைப்பு என்னும் நீண்ட பெயர் கொண்ட புரிந்துணர்வு உடன்படிக்கை. மக்கள் அதைப் பொதுக்கட்டமைப்பு என்று சுருக்கி அழைத்தனர். ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டணியிலிருந்த மக்கள் விடுதலை முன்னணி இதனை எதிர்த்து 2005 ஜூன் 16 இல் அரசாங்கத்தை விட்டு வெளியேறிற்று. பெரும்பான்மையை இழந்த நிலையிலும் ஜனாதிபதி பின்வாங்கவில்லை. ஜூன் 24 ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

அதன் உள்ளடக்கம் பலர் கூச்சலிட்ட அளவுக்குப் பெரிதன்று. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய ஆறு மாவட்டங்களில், கடலோரத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் அகலமுள்ள நிலப்பட்டிக்கு மட்டுமே அது பொருந்தும். அதன் ஆயுட்காலம் ஓராண்டு. அரசாங்கம், புலிகள், முஸ்லிம் கட்சிகள் ஆகிய மூன்று தரப்பிலிருந்தும் ஒவ்வொருவரைக் கொண்ட உயர்மட்டக் குழு மேலே இருக்கும். அதன்கீழ் பத்துப் பேர் கொண்ட பிராந்தியக் குழு இயங்கும். அதில் புலிகளின் நியமனம் ஐவர், முஸ்லிம் கட்சிகளின் நியமனம் மூவர், அரசாங்கத்தின் நியமனம் இருவர். அதற்கும் கீழே மாவட்டக் குழுக்கள். வெளிநாட்டு உதவியை மட்டுமே கொண்ட பிராந்திய நிதியம் ஒன்று அமையும். பன்னாட்டு நிறுவனம் ஒன்று அதன் காப்பாளராகும். பிராந்தியக் குழு கிளிநொச்சியில் இயங்கும்.

குறைகள் இருந்தன என்பதை மறைத்தல் நேர்மையாகாது. கடற்கோளில் பெருந்தொகையாக இறந்தவர்கள் முஸ்லிம்கள். ஆயினும் அவர்களுக்குக் குழுவில் இடம் தரப்பட்டதேயன்றி, கையெழுத்திடும் தரப்பாக அவர்கள் அழைக்கப்படவில்லை. எங்களைப் பற்றிய உடன்படிக்கையில் எங்கள் கையொப்பம் எங்கே என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. எம்மைக் கேளாமல் எமது தலைவிதியை எழுதுகிறார்கள் என்று அரைநூற்றாண்டாக முறையிட்டவர்கள் நாம். அதே முறைப்பாடு எமது அயலவரிடமிருந்து எழுந்தபோது, அதைக் கேட்கும் காது எமக்கும் இருந்திருக்க வேண்டும்.

நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட வினா

மக்கள் விடுதலை முன்னணியின் பாராளுமன்ற உறுப்பினர் 39 பேரும் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர். பயங்கரவாத அமைப்பு என்று தாம் கருதும் ஒரு தரப்போடு ஜனாதிபதி உடன்படிக்கை செய்ய அதிகாரமில்லை என்பதும், அரசுக்குரிய பணிகளையும் பணத்தையும் அரசுக்குப் புறம்பான குழுவிடம் ஒப்படைப்பது அரசியலமைப்புக்கு மாறானது என்பதும் அவர்களது வாதத்தின் சாரம்.

2005 ஜூலை 15 ஆம் நாள் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அக்கட்டளையைப் பலர் தவறாக நினைவிற் கொண்டுள்ளனர். நீதிமன்றம் உடன்படிக்கை முழுவதையும் தள்ளிவிடவில்லை. புலிகளோடு இத்தகைய உடன்படிக்கை செய்தமை தன்னளவில் சட்டவிரோதமன்று என்றே கருதிற்று. பாதிக்கப்பட்ட மக்களுக்கு நிவாரணம் அளித்தல் அதன் நோக்கம் என்பதையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் முக்கியமான சில பிரிவுகளின் செயற்பாட்டை இடைநிறுத்திற்று. பிராந்திய நிதியம், திட்டங்களுக்கு ஒப்புதல் அளித்து அவற்றை நடத்தும் பிராந்தியக் குழுவின் பணிகள், கிளிநொச்சியில் குழு அமைதல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

காரணம் யாது? இலங்கை அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரையின்படி பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு உரியது. 149 ஆம் உறுப்புரையின்படி அரசுக்கு வரும் பணம், சட்டம் வேறு வகையில் ஏற்பாடு செய்தாலன்றி, திரட்டு நிதியத்தில் சேரவேண்டும். அதன் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பரிசோதிக்க வேண்டும். நாட்டுக்கென வரும் வெளிநாட்டு உதவி இவ்வழியை விட்டு விலகித் தனிப் பெட்டியொன்றில் விழ இயலாது என்பதே நீதிமன்றத்தின் தருக்கம். கிளிநொச்சி அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தமையால், பயன்பெற வேண்டிய குடிமக்கள் யாவரும் அங்கு தடையின்றிச் சென்றுவர முடியுமா என்ற ஐயமும் எழுப்பப்பட்டது.

இத்தருக்கத்தை நகைத்துத் தள்ளிவிட முடியாது. மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதலின்றி ஆட்சியாளர் பணத்தைக் கையாளலாகாது என்பது பல நூற்றாண்டுப் போராட்டத்தால் பெற்ற கோட்பாடு. ஆனால் கோட்பாடு ஒன்று, அது செயற்படும் நிலம் வேறொன்று. எந்தப் பாராளுமன்றத்தின் கையில் நிதிக் கட்டுப்பாடு இருக்கவேண்டும் என்று வாதிக்கப்பட்டதோ, அதே பாராளுமன்றத்தில் அந்நிதியத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்ற ஜனாதிபதியிடம் பெரும்பான்மை இருக்கவில்லை. ஒரு கதவு பூட்டப்பட்டது. மறுகதவின் திறவுகோலை, முதற் கதவைப் பூட்டக் கோரியவர்களே வைத்திருந்தனர்.

இடைக்காலம் என்னும் இறுதி

சட்டநூல்களில் இடைக்காலக் கட்டளை என்பது தீர்ப்பு வரும்வரை நிலைமையைக் காத்துவைப்பதற்கான ஒரு கருவி. பாதிக்கப்பட்டவனுக்கோ பெரும்பாலும் அதுவே இறுதித் தீர்ப்பு. வழக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கையில் காலம் ஒத்திவைக்கப்படுவதில்லை. 2005 ஆகஸ்ட் 12 இல் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டார். போர்நிறுத்தமே ஆட்டங்காணத் தொடங்கிற்று. நவம்பர் 17 இல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. பொதுக்கட்டமைப்பைக் கைவிடுவதாக மக்கள் விடுதலை முன்னணியோடு உடன்பாடு செய்துகொண்ட மகிந்த ராஜபக்ஷ, ஏறக்குறைய 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அத்தேர்தலில் வடக்கில் பெரும்பாலான தமிழர் வாக்களிக்கவில்லை. புலிகள் கொண்டுவந்த புறக்கணிப்பே அதற்குக் காரணம். 2006 இல் போர் மீண்டும் மூண்டது. பொதுக்கட்டமைப்பின் கீழ் ஒரு வீடுகூட எழவில்லை.

உதவி எதுவுமே வடகிழக்கை அடையவில்லை என்று சொல்வது மிகை. ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் புலம்பெயர்ந்தோரும் வேறு வழிகளில் பணி செய்தனர். ஆயினும் அரசுகளுக்கிடையே செல்லும் பெருநிதிக்குப் பொதுவான பாதை இல்லாதொழிந்தது. கரையோரத்தில் வீடு கட்டலாகாது என்று தெற்கில் 100 மீற்றரும் வடகிழக்கில் 200 மீற்றரும் தடை வலயமாக அறிவிக்கப்பட்டமையால், பழைய காணியும் இன்றிப் புதிய வீடும் இன்றித் தற்காலிகக் கொட்டில்களில் காத்திருந்த மீனவக் குடும்பங்களே இதன் விலையைச் செலுத்தின. அவர்களுள் பலரைப் போர் மறுபடியும் இடம்பெயரச் செய்தது.

அதே காலத்தில் அதே நீதிமன்றத்தின் முன் வந்த மற்றொரு விடயத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். பிரதமர் அலுவலகத்துக்கு வந்த சுனாமி நிதியில் 8 கோடி ரூபாவுக்கும் மேற்பட்ட தொகை அம்பாந்தோட்டைக்கு உதவும் திட்டமொன்றின் கணக்குக்கு மாற்றப்பட்டதாக 2005 இல் முறைப்பாடு எழுந்தது. குற்றப் புலனாய்வு தொடங்கிற்று. அன்றைய பிரதமர் மகிந்த ராஜபக்ஷ அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். செப்டெம்பரில் அப்புலனாய்வு இடைநிறுத்தப்பட்டு, 2006 மார்ச்சில் முற்றாகத் தள்ளப்பட்டது. அத்தீர்ப்பை அளித்த சரத் என். சில்வா, ஓய்வுபெற்ற பின் 2014 இல் அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். இரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப்பார்ப்பதை வாசகர்களிடமே விட்டுவிடுகிறோம். 2006 அக்டோபர் 16 இல் வடக்கையும் கிழக்கையும் பிரித்த தீர்ப்பும் மக்கள் விடுதலை முன்னணியினரின் மனுக்களின் பேரிலேயே வந்தது என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்க.

அமெரிக்காவில் அதே கோட்பாடு, மறுபக்கமாக

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வழக்கு தலைகீழாக நடந்தது. அங்கே மக்கள் சபை பணத்தை ஒதுக்கியது. ஜனாதிபதி செலவிட மறுத்தார். இதற்கும் பழைய வரலாறு உண்டு. 1972 இல் நீர்மாசு தடுப்புக்கெனக் காங்கிரஸ் ஒதுக்கிய நிதியில் பெரும்பங்கை ஜனாதிபதி நிக்சன் நிறுத்திவைத்தார். நியூயோர்க் மாநகரம் தொடர்ந்த வழக்கில் 1975 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 1974 இல், ஒதுக்கிய பணத்தை நிறுத்திவைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதன்படி ஜனாதிபதி ஒரு தொகையை நீக்கும்படி காங்கிரசிடம் கோரலாம். 45 நாள்களுக்குள் காங்கிரஸ் இணங்காவிடின் பணத்தை விடுவிக்க வேண்டும்.

2025 ஜனவரி 20 இல் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் வெளிநாட்டு உதவியைத் தொண்ணூறு நாள்களுக்கு நிறுத்திவைத்தார். உதவி நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. மாவட்ட நீதிபதி அமீர் அலி நிதியை விடுவிக்கக் கட்டளையிட்டார். ஏற்கெனவே செய்து முடித்த பணிகளுக்கான ஏறக்குறைய 200 கோடி டொலர் தொடர்பான கட்டளையை நிறுத்த, மார்ச் 5 இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுத்தது. ஆனால் ஆகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம், இவ்வழக்கைத் தொடரும் உரிமை உதவி பெறும் நிறுவனங்களுக்கு இல்லை என்று கருதிற்று. அம்மாத இறுதியில், நிதியாண்டு முடிய 45 நாள்கூட எஞ்சியிராத வேளையில், ஏறக்குறைய 490 கோடி டொலரை நீக்கும்படி ஜனாதிபதி காங்கிரசைக் கோரினார். காங்கிரஸ் எண்ணிப்பார்க்கும் முன்னரே பணம் காலாவதியாகிவிடும் என்பதே இதன் சூட்சுமம். செப்டெம்பர் 26 இல் உச்ச நீதிமன்றம், மூன்று நீதியரசர்கள் மாறுபட, 400 கோடி டொலரை நிறுத்திவைக்க இடைக்காலமாக அனுமதித்தது. நான்கு நாள்களில் நிதியாண்டு முடிந்தது.

கொழும்பிலும் வாஷிங்டனிலும் பேசப்பட்ட கோட்பாடு ஒன்றே: பொது நிதியின் மீது மக்கள் சபையே அதிகாரம் உடையது. ஓரிடத்தில் பணத்தை நிறுத்த அக்கோட்பாடு பயன்பட்டது. மற்றைய இடத்தில் பணத்தை விடுவிக்க அதே கோட்பாட்டை எடுத்துக்காட்டியவர்கள் தோற்றனர். இரண்டிலும் முடிவைத் தந்தது நாட்காட்டியே. இடைக்காலக் கட்டளையொன்று, கடந்துபோகும் காலம், இவை இரண்டும் சேர்ந்தால் இறுதித் தீர்ப்பு எழுதவேண்டிய தேவையே எழாது.

நாம் கற்கவேண்டியது

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரு நாட்டு நீதிமன்றங்களிலும் வழக்காடியவர்கள் அரசியற் கட்சியினர், சட்டமா அதிபர், உதவி நிறுவனங்கள். யாருக்காகப் பணம் ஒதுக்கப்பட்டதோ, அந்த மனிதர் எந்த மன்றிலும் வாதியாக நிற்கவில்லை. முல்லைத்தீவில் தறப்பாளின் கீழ் இருந்த தாய்க்கு அப்பணத்தின் மீது சட்டப்படி உரிமை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. உதவி என்பது கொடுப்பவனின் தயவாகவும் வாங்கும் அரசின் சொத்தாகவும் கருதப்படும்வரை இந்நிலை மாறாது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. 1994 இல் பிரித்தானிய நீதிமன்றம், மலேசியாவின் பெர்காவ் அணைக்கட்டுக்கு அந்நாட்டு அரசு உதவி நிதி வழங்கியது சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. உதவிக்கென ஒதுக்கிய பணம் உதவியின் நோக்கத்துக்கே செலவாக வேண்டும் என்ற அவ்வழக்கைத் தொடர்ந்தது ஒரு பொதுநல அமைப்பே. கனடாவிலும் 2008 ஆம் ஆண்டு முதல் உத்தியோகபூர்வ அபிவிருத்தி உதவிக்கெனத் தனிச் சட்டம் உண்டு. உதவி வறுமையைக் குறைக்கப் பயன்படவேண்டும், ஏழைகளின் கருத்துக்கு இடந்தரவேண்டும், மனித உரிமை நியமங்களுக்கு ஒத்திருக்கவேண்டும் என்று அது விதிக்கின்றது. அமைச்சர் ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிக்கை சமர்ப்பிக்கவும் வேண்டும். எமது தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரிடம் அவ்வறிக்கையைக் காட்டி, எந்த நாட்டுக்கு எவ்வளவு வாக்களிக்கப்பட்டது, எவ்வளவு சென்றது, எந்தப் பெட்டியில் நிற்கிறது என்று கேட்கும் உரிமை விட்பியில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.

2004 இன் நத்தார் இரவில் நாம் கண்ணீரோடு பணம் சேர்த்தோம். சேர்த்த பின் அது எவ்வழி செல்லும் என்று கேட்க மறந்தோம். அடுத்த துயர் எங்கே, எப்போது வரும் என்று யாரறிவார்? அது வரும்போது உண்டியலைக் குலுக்குவதோடு நில்லாமல், சட்டத்தின் வழியையும் முன்கூட்டியே செப்பனிட்டு வைத்தல் வேண்டும். அந்த வழியை அமைக்கையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று பாதிக்கப்பட்ட எவரது கையொப்பமும் விடுபடாதிருத்தல் வேண்டும். அலை பார்க்காத பேதத்தை, அலைக்குப் பின் வரும் நிவாரணமும் பார்க்கலாகாது.